மாதாமாதம் வரும் வயிற்றுக்கோளாறும் எண்டோமெட்ரியோசிஸும்: குமரி மாவட்டத்தில் யாருக்கெல்லாம் தாமதமாகத் தெரிந்தது?

#1 கடற்கரைச்சாலை (நாகர்கோவில்)

எல்லாருக்கும் வணக்கம். பதிவு நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக, மகள் இருக்கிறவர்கள் படியுங்கள்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது போன வருடம்தான் உறுதியானது. தொந்தரவு தொடங்கியது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே. நடுவில் போன காலம் முழுக்க நான் வயிற்று நோயாளியாகத்தான் வைத்தியம் பார்த்தேன். முதலில் கேஸ் என்றார்கள். அப்புறம் அல்சர், அமீபா, பூச்சி. ஒரு வைத்தியர் பித்தம் என்றார். எண்டோஸ்கோபி எடுத்தார்கள், லேசான கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று வந்தது. கொலனோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. ‘ஐபிஎஸ் (IBS, பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலேயே வரும் குடல் கோளாறு), டென்ஷன் ஆகாதீங்க’ என்று எழுதிக்கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி எப்போதும் இருக்கும் பொருளாகிவிட்டது.

எனக்கு இருந்தது என்னவென்றால்: மாதவிலக்குக்கு நாலைந்து நாள் முன்னால் வயிறு உப்பத் தொடங்கும். காலையில் சாதாரணமாக இருக்கும் வயிறு சாயங்காலம் சுடிதார் நாடாவைத் தளர்த்தும் அளவுக்குப் பொருமிவிடும். ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. விலக்கு வந்த முதல் இரண்டு நாளும் கக்கூஸில் உட்கார்ந்தால் மலக்குடலுக்குள் கத்தி இறங்குவது போன்ற வலி. போய் வந்தபிறகும் முழுசாகப் போகாத உணர்வு. குமட்டல். அந்த நாட்களில் நான் சாப்பிடவே பயந்தேன்.

இதை எல்லா டாக்டரிடமும் சொன்னேன். அவர்கள் கேட்டது என்ன சாப்பிட்டீர்கள், காரம் அதிகமா, ஓட்டலில் சாப்பிட்டீர்களா, பரீட்சை டென்ஷனா என்பது மட்டும். ‘எந்தத் தேதியில் வருகிறது? உங்கள் பீரியட்ஸ் தேதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் குழந்தை விஷயமாகப் பார்க்கப்போன மகளிர் மருத்துவர்தான் கேட்டார். கேட்டதோடு, மலம் கழிக்கும்போது வலி உண்டா என்று தனியாக ஒரு கேள்வியும் கேட்டார். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கருப்பைக்குப் பின்னால் மலக்குடலோடு சேர்ந்து ஆழமாக ஒட்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது.

கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். கருப்பையின் உள்ளே இருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில் வந்தால் சாக்லேட் கட்டி என்பார்கள், அது நம் ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் அது குடலின் வெளிச்சுவரில் ஒட்டும், சிறுநீர்ப்பையில் ஒட்டும், குடல்வாலில்கூட ஒட்டும் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நம் ஒவ்வொரு தெருவிலும் ஆள் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று பெயர் வேண்டாம். என்ன அறிகுறி, எப்படித் தெரிந்தது என்பது போதும்.


#2 மலையோரத்து அம்மா (குலசேகரம் பக்கம்)

மக்களே, உன் பதிவைப் படித்துவிட்டு மோளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் இதையேதான் சொல்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். ஒவ்வொரு மாதமும் அந்த முதல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் கிடையாது. வயிற்றுவலியோடு வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வருது. சுக்கும் சீரகமும் காய்ச்சிக் கொடுப்பேன், நிற்காது. ஊசி போட்டால்தான் கொஞ்சம் அடங்கும்.

வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கும் ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நார்மல் என்றார்கள். உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேன் கல்யாணம் ஆகாத பிள்ளைக்குச் செய்ய மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். எங்க மாமியார், ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு பிள்ளை பெத்தா மாறிடும்’ என்கிறார். நான் என்ன செய்ய? ஸ்கேன் நார்மல் என்றால் இந்த நோய் இல்லை என்றுதானே அர்த்தம்?


#3 இரணியல் நர்ஸ்

அம்மா, நான் இரணியல்காரி, இப்போது இங்கிலாந்தில் மகளிர் மருத்துவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அப்புறம் மற்றதற்கு வருகிறேன்.

ஸ்கேன் நார்மல் என்பதால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகாது. வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனில் சாக்லேட் கட்டி பெரிதாக இருந்தால் தெரியும். மெல்லிய படலமாகப் படிந்திருப்பதோ, குடலுக்குப் பின்னால் ஆழமாக ஒட்டியிருப்பதோ அதில் பெரும்பாலும் தெரியாது. உள்ஸ்கேனில்கூட, எடுக்கிறவர் அதைத் தேடி எடுத்தால்தான் தெரியும். கருப்பையும் குடலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறதா, ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. சாதாரண ஸ்கேனில் அதைப் பார்ப்பதில்லை.

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு உள்ஸ்கேன் கட்டாயமில்லை. வேண்டும் என்றால் எம்ஆர்ஐ இருக்கிறது. ஆனால் எம்ஆர்ஐ எழுதும் சீட்டில் ‘எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். வெறுமே ‘வயிற்றுவலி’ என்று எழுதினால் படம் பார்க்கிறவர் குடலுக்கும் கருப்பைக்கும் நடுவே அந்த இடத்தைத் தேடிப் பார்க்க வாய்ப்பு குறைவு. எம்ஆர்ஐயும் நார்மலாக வரலாம், அப்போதும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இன்னொன்று. வைத்தியம் தொடங்க இந்த நிரூபணமெல்லாம் வந்தாக வேண்டும் என்பது இப்போது கிடையாது. முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பது) செய்து, திசுவை எடுத்துப் பார்த்தால்தான் பெயர் வைப்பார்கள். 2022-ல் ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். அறிகுறியை வைத்தே மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், மாத்திரையும் கேட்காதபோது லேப்ராஸ்கோபி.

இங்கே இங்கிலாந்தில் 2017-ல் வந்த நைஸ் (மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் அரசு அமைப்பு) வழிகாட்டியில், எண்டோமெட்ரியோசிஸைச் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகளில் மாதவிலக்கோடு வரும் குடல் தொந்தரவையும், குறிப்பாக மலம் கழிக்கும்போது வரும் வலியையும் எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதி வைத்த நாட்டிலேயே நோய் தெரிய சராசரியாக 8 வருடம் 10 மாதம் ஆகிறது என்று எண்டோமெட்ரியோசிஸ் யூகே அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. அதனால் நம் ஊர் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது எல்லா இடத்திலும் நடக்கிறது.

உங்க மாமியார் சொன்னதைப் பற்றி. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பட்டதைத்தான் சொல்கிறார். ஆனால் பிள்ளை பெறுவது இதற்கு மருந்து இல்லை. கர்ப்ப காலத்தில் விலக்கு நிற்பதால் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்ப வரும். அவருக்கும் இப்படி இருந்தது என்பதை மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மா, அக்கா, பாட்டி, அத்தை என்று குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும், அது டாக்டருக்குத் தேவையான தகவல்.


#4 தக்கலை கிளினிக்

நான் பொது மருத்துவர். இந்த இழையில் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனாலும் மற்றொரு பக்கத்தையும் எழுத வேண்டும்.

என் கிளினிக்குக்கு வயிறு உப்பிசம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எண்டோமெட்ரியோசிஸ் கிடையாது. மாதவிலக்கின்போது பேதியாவது நோயில்லாத பெண்களுக்கும் வரும். கருப்பை சுருங்குவதற்காகச் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் குடலையும் சுருக்கும், அதனால் இளகிப் போகும். அது இயல்பு. வேலையை நிறுத்திப் படுக்க வைக்கும் வலி இயல்பு அல்ல. மலம் கழிக்கும்போது குத்தும் வலி இயல்பு அல்ல.

எங்களுக்கு எங்கே தவறிப்போகிறது என்றும் சொல்கிறேன். கொலனோஸ்கோபி நார்மல் என்றதும் குடலில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்கிறோம். கொலனோஸ்கோபி பார்ப்பது குடலின் உள்பக்கத் தோலை. எண்டோமெட்ரியோசிஸ் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, உள்தோல் வரை வருவது குறைவு. வீட்டுக்குள் நின்று உள்சுவரைப் பார்த்தால் வெளிச்சுவரில் பிடித்த பாசி தெரியாது. இந்தக் கேள்விக்குக் கொலனோஸ்கோபி போதுமான பரிசோதனை அல்ல.

அதைவிடப் பெரிய விஷயம், குடலில் நேரடியாக ஒட்டாமலேயே குடல் தொந்தரவு வரும். 2009-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உறுதியான பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வயிற்று அறிகுறி இருந்தது. குடலிலேயே திசு இருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இடுப்புப் பகுதியில் கருப்பை, குடல், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் நரம்புகள் பொதுவாகத்தான் ஓடுகின்றன. ஓரிடத்தில் அழற்சி நீடித்தால் பக்கத்து உறுப்பும் தொட்டால் சிணுங்கும் நிலைக்கு வந்துவிடும். ஐபிஎஸ்ஸும் எண்டோமெட்ரியோசிஸும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஐபிஎஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே ‘ஐபிஎஸ்’ என்று முன்னால் சொன்ன டாக்டர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு தேடலை நிறுத்தியதுதான் பிரச்சினை.

அப்புறம், நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் இருக்கிறது. எடை குறைவது, சாயங்காலம் காய்ச்சல், வயிற்றில் நீர், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் உப்பிசம் இவற்றில் எது இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் என்று நீங்களே முடிவு செய்து உட்கார்ந்துவிடாதீர்கள். சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். காசநோயிலும் கூடும், எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், புற்றுநோயிலும் கூடும், சாதாரண விலக்கு நாளிலும் கூடும்.


#5 கடற்கரைச்சாலை

டாக்டர், விளக்கமாக எழுதியதற்கு நன்றி. கொலனோஸ்கோபி விஷயம் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்றில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலோருக்கு இருக்காது என்பது உண்மையாக இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அது தடையாக இருக்கக் கூடாது. ஓபியில் கூட்டம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ‘பீரியட்ஸ் சமயத்தில் கூடுமா?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். காய்ச்சலோடு வருகிறவரிடம் குளிர் நடுக்கம் உண்டா என்று கேட்கிறீர்கள் இல்லையா? அதே போல 15 முதல் 45 வயது வரை உள்ள எந்தப் பெண் வயிற்றுக்கோளாறோடு வந்தாலும் இந்தக் கேள்வி பழக்கமாக வர வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வயிற்று டாக்டர் ஆணாக இருந்தால் விலக்கைப் பற்றிப் பேசக் கூச்சம். மகளிர் மருத்துவரிடம் போனால் மலம் போவதைப் பற்றிப் பேசக் கூச்சம். இரண்டு அறையிலும் பாதிப் பாதி சொல்கிறோம். முழுக்கதை ஒருவர் காதிலும் விழுவதில்லை. கூடவே அப்பாவோ மாமனாரோ துணைக்கு வந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.


#6 இரணியல் நர்ஸ்

தங்கச்சி சொன்ன அந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு வழி: எழுதிக்கொண்டு போவது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டலாம்.

ஒரு பழைய டைரி போதும். இரண்டு மூன்று விலக்குச் சுற்றுக்கு எழுதுங்கள். தேதி, ரத்தப்போக்கு உண்டா, வலி பத்துக்கு எத்தனை, மலம் எப்படிப் போனது, போகும்போது வலித்ததா, வயிறு உப்பியதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா, என்ன மாத்திரை போட்டீர்கள், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடிந்ததா. கல்யாணம் ஆனவர்கள் உறவின்போது ஆழத்தில் வலி உண்டா என்பதையும் எழுதுங்கள். வலது தோள்பட்டையில் விலக்கு நாளில் மட்டும் வலி வருகிறது என்றால் அதையும் விடாதீர்கள். அபூர்வம்தான், உதரவிதானத்தில் இருந்தால் அப்படி வரும்.

டாக்டர் சார் கவனத்துக்கும் ஒன்று. வருடக்கணக்காக இருக்கிறவர்களுக்கு இந்த மாதக் கணக்கு மங்கிப்போகும். ‘எப்போதும் வலிக்கிறது’ என்பார்கள். அவர்களிடம் இப்போது எப்படி என்று கேட்டால் பிடிபடாது. ‘ஆரம்பத்தில் எப்படி இருந்தது, அப்போது விலக்கு நாளில் மட்டுமா வந்தது?’ என்று கேட்டால் கதை வெளியே வரும். இங்கே வார்டில் நான் பார்க்கிறவர்களில் பலர் அந்தக் கேள்விக்குத்தான் ‘ஆமாம்’ என்று நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.


#7 அண்டி ஆபீஸ் அக்கா

நான் மோளிடம் சொல்லி டைப் பண்ணுகிறேன். படிப்பு குறைவு. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

எங்க அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) எல்லாரும் பெண்கள்தான். காலையில் உட்கார்ந்தால் பருப்பு எடை கணக்குக்குத்தான் கூலி. அடிக்கடி எழுந்து கக்கூஸுக்குப் போனால் அன்றைக்குக் கூலி குறையும். அதனால் அந்த நாட்களில் தண்ணி குடிக்க மாட்டோம், காலையில் சாப்பிடவும் மாட்டோம். வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வோம். அப்புறம் நெஞ்செரிச்சல் வரும், அதுக்கு ஒரு மாத்திரை.

என் கூட வேலை பார்க்கிற மைனிக்குக் (அண்ணிக்கு) கருப்பையை எடுத்தாச்சு. வலி போகும் என்று சொல்லித்தான் எடுத்தாங்க. இப்பவும் வெளிக்குப் போகும்போது வலிக்கு. கருப்பையே இல்லை, இனி என்ன நோய் என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. இது எப்படி? எங்களை மாதிரி ஆளுக்கு எங்க போனா பார்ப்பாங்க, எவ்வளவு செலவாகும்?


#8 தக்கலை கிளினிக்

அக்கா, தப்பு ஒன்றும் இல்லை. இந்த இழையில் முக்கியமான பதிவு உங்களுடையதுதான்.

முதலில் உங்கள் மைனி விஷயம். கருப்பையை எடுத்தாலும், குடல்மேல் ஒட்டிய திசுவை எடுக்காமல் விட்டிருந்தால் வலி தொடரலாம். சினைப்பை இருந்தால் ஹார்மோன் சுரக்கும், அந்தத் திசு உயிரோடு இருக்கும். அறுவை சிகிச்சையால் வந்த ஒட்டுதலும் காரணமாக இருக்கலாம். பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும், எடுத்த கருப்பையின் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். அவரை வீட்டில் நம்பச் சொல்லுங்கள். வலி உண்மைதான்.

எங்கே போவது: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவப் பிரிவு ஓபிக்குப் போகலாம். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு போங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் அது காப்பீட்டில் வருமா என்று அங்கேயே காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டிக் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம். மெஃபனமிக் ஆசிட் வகை மாத்திரைகள் எல்லாமே வயிற்றைப் புண்ணாக்கும். நாங்கள் அல்சர் என்று பார்ப்பதில் ஒரு பகுதி இந்த மாத்திரை செய்த வேலை. அதுவே அடியில் இருக்கும் நோயை மறைத்துவிடுகிறது. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் ஆசிட்டுக்கு ஒரு எச்சரிக்கையும் விட்டது. மாத்திரை போட்ட பிறகு தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுவது என்று வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது என்றால் அதையே ஒரு அறிகுறியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.


#9 மாத்தூர் தொட்டிப்பாலம்

ஆண் ஒருவன் இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவிக்கு நாலு வருடமாகக் குழந்தை இல்லை. அவளுக்கு இங்கே சொன்ன எல்லாமே இருக்கிறது. வீட்டில் பேச்சு முழுக்க குழந்தையைப் பற்றித்தான். அவள் வலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. திருவனந்தபுரத்தில் பார்த்தோம். குடலில் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், குடலில் கொஞ்சம் வெட்டவேண்டி வரலாம் என்றார்கள். வயிற்றில் மலம் சேரும் பை வைப்பார்களா என்று பயந்து அழுகிறாள். என்ன கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.


#10 கடற்கரைச்சாலை

அண்ணன், நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசிய நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் பேச்சு மாறியது. மைனியிடம் சொல்லுங்கள், பை என்பது எல்லாருக்கும் கிடையாது. எனக்கு இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை. டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறேன், விலக்கு நின்றிருக்கிறது, மலக்குடல் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் உங்களுக்குக் குழந்தை வேண்டும் என்றால் அந்த மாத்திரை ஒத்துவராது, அதைப் போடும்போது பெரும்பாலும் கரு தரிக்காது. உங்கள் வழி வேறாக இருக்கும்.


#11 இரணியல் நர்ஸ்

தம்பி, கேட்க வேண்டியதை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

குடலில் செய்யும் அறுவை சிகிச்சை மூன்று விதம். மேலோட்டமாக இருந்தால் குடலைத் திறக்காமல் சீவி எடுப்பது. சிறிய இடத்தில் ஆழமாக இருந்தால் அந்த வட்டத்தை மட்டும் வெட்டித் தைப்பது. பெரிதாகவோ பல இடத்திலோ இருந்து குடலைச் சுருக்கியிருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைப்பது. உங்களுக்கு எது, ஏன் என்று முதலில் கேளுங்கள். கட்டி ஆசனவாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ரொம்பக் கீழே இணைத்தால்தான் தையல் ஆறும்வரை தற்காலிகமாகப் பை வைக்கும் வாய்ப்பு கூடும். பெரும்பாலும் சில மாதங்களில் அதை எடுத்துவிடுவார்கள். தையல் கசிவு, சிறுநீர் கழிப்பதில் சிரமம், மலம் அடக்குவதில் மாற்றம் இவையெல்லாம் நடக்கக்கூடிய பாதிப்புகள், அவற்றையும் நேராகக் கேளுங்கள்.

முக்கியமாக, மகளிர் மருத்துவரோடு குடல் அறுவை மருத்துவரும் அந்த மேசையில் இருப்பாரா, இருவரும் இதுபோல முன்பு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

அவசரமாக ஆபரேஷன் வேண்டிய நிலை குடல் அடைபட்டால்தான். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றால் தாமதிக்கக் கூடாது. சிறுநீர்க்குழாய் நெரிந்து சிறுநீரகம் வீங்கியிருந்தாலும் காத்திருக்க முடியாது, அதனால் சிறுநீரக ஸ்கேனும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மற்றபடி யோசிக்க நேரம் உண்டு. குழந்தைக்கு முதலில் ஐவிஎஃப்பா (சோதனைக்குழாய் முறை), முதலில் ஆபரேஷனா என்பது வயது, சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டை, வலி மூன்றையும் வைத்து முடிவாகும். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.


#12 மட்டிப்பழம்

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் அக்காவுக்கு இந்த நோய்தான். மரச்சீனி (மரவள்ளி), சக்கை (பலா), மீன், புளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஒருவர் சொன்னார். கஞ்சியும் பப்படமும் மட்டும் சாப்பிட்டு ஆளே பாதியாகிவிட்டாள். சமூக வலைத்தளத்தில் ஒருவர் எண்டோமெட்ரியோசிஸைக் கரைக்கும் டயட் என்று பணம் வாங்கி விற்கிறார். நிஜமா?


#13 இரணியல் நர்ஸ்

சாப்பாட்டால் அந்தத் திசு கரையாது. கரைக்கிறேன் என்று விற்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் சாப்பாட்டை மாற்றினால் உப்பிசமும் பேதியும் குறையலாம். இரண்டும் வேறு வேறு.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ்ஸுக்காக உருவாக்கிய ஃபோட்மேப் குறைந்த உணவுமுறை எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் பலருக்கும் உதவுகிறது. குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில வகைச் சர்க்கரைகளைச் சில வாரங்கள் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. நம் சமையலில் அதிகம் கவனிக்க வேண்டியவை வெங்காயம், பூண்டு, பயறும் பருப்பும், கோதுமை, பால். மரச்சீனியை அளவோடு சாப்பிட்டால் அதில் பயமில்லை. மீனை நிறுத்த ஒரு காரணமும் இல்லை, கடற்கரை மாவட்டத்தில் பிறந்துவிட்டு சாளையை விடச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை. ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்ணுக்கு மீனும் முட்டையும் நல்லது. பூண்டு இல்லாமல் மணத்துக்குப் பெருங்காயம் சேர்ப்பவர்கள் டப்பாவைப் படித்துப் பாருங்கள், பொடியில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம்.

ஆறு வாரத்துக்கு மேல் கடுமையான பத்தியம் வேண்டாம். எடை குறைந்தால் உடனே நிறுத்தி டயட்டீஷியனைப் பாருங்கள். உங்கள் அக்கா ஏற்கெனவே மெலிந்திருந்தால் இந்த உணவுமுறையையே தொடங்காமல் முதலில் அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.


#14 நெறியாளர்

ஒரு நினைவூட்டல்: சிலர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெயரோடும் போன் நம்பரோடும் பதிவேற்றியிருந்தீர்கள், நீக்கியிருக்கிறேன். மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லிப் புகார் எழுத வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.


#15 மலையோரத்து அம்மா

மக்களே, மோளைக் கூட்டிக்கொண்டு டைரியோடு போனேன். இந்தத் தடவை டாக்டரம்மா நின்று நிதானமாகப் படித்தார். மாமியாருக்கு இருந்ததையும் சொன்னேன். எண்டோமெட்ரியோசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம், இப்போதைக்கு எம்ஆர்ஐ வேண்டாம், மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். மருந்துக்கடையில் கேட்டால் அது கருத்தடை மாத்திரை என்கிறான். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போய்விடுமோ? பொட்டலம் அலமாரியில் அப்படியே இருக்கு. மாமியாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும்.


#16 தக்கலை கிளினிக்

அம்மா, அந்த மாத்திரை கருப்பையைக் கெடுக்காது. சாப்பிடும் காலத்தில் கருமுட்டை வெளிவராமல் இருக்கும், படலம் வளராமல் இருக்கும், அதனால் வலி குறையும். நிறுத்தினால் விலக்கு திரும்ப வரும், பிள்ளை பெறும் திறன் அப்படியே இருக்கும். பெட்டியில் கருத்தடை என்று எழுதியிருப்பதால் அது அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று ஆகாது.

ஆனால் தொடங்குவதற்கு முன் டாக்டரம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னீர்களா என்று பாருங்கள்: பிள்ளைக்குக் கண் முன்னால் மின்னல் போலத் தெரிந்து பிறகு தலைவலி வருமா, குடும்பத்தில் இளவயதில் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள் உண்டா, ரத்த அழுத்தம் பார்த்தார்களா. இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு வகை மாத்திரை உண்டு. முதல் இரண்டு மாதம் குமட்டலோ நடுநடுவே திட்டுத்திட்டாக ரத்தமோ வரலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மாத்திரை சாப்பிடும்போதும் டைரி எழுதட்டும். மூன்று மாதத்தில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் குறையவில்லை என்றால் அப்போது எம்ஆர்ஐ கேளுங்கள்.


#17 இரணியல் நர்ஸ்

மாமியாரிடம் மறைக்காதீர்கள் அம்மா. ‘உங்களுக்கு அந்தக் காலத்தில் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை, பேத்திக்குப் பார்க்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவரும் அந்த வலியைச் சுமந்தவர்தானே. பிளஸ் டூ தேர்வு எப்போது? விலக்கு தேர்வு நாளில் வராதபடி மாத்திரையை எப்படிச் சாப்பிடலாம் என்று டாக்டரம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் சரிவராது.


#18 மலையோரத்து அம்மா

மார்ச்சில் தேர்வு. நாளைக்கே போன் பண்ணிக் கேட்கிறேன். மின்னல் மாதிரி எதுவும் தெரியாதாம், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நார்மல். எங்க அண்ணனுக்குக் காலில் ரத்தம் கட்டியது, ஆனால் அது விபத்துக்கு அப்புறம், அதையும் சொல்லணுமா?


#19 தக்கலை கிளினிக்

சொல்லுங்கள். விபத்துக்கு அப்புறம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் முடிவு செய்வார்.